கிறிஸ்துமஸ் அட்டைகளுக்கு ரப்பர் ஸ்டாம்பும் அடுக்கு வண்ணமும்: நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஈரத்தில் எப்போது பூசுவது, எப்போது அச்சிடுவது?

குலசேகரத்துக்காரி | செப்டம்பர் 6

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு எங்கள் அன்பியத்தில் (எங்கள் தேவாலயப் பங்கின் அண்டை வீட்டுக் குழு) உள்ள வீடுகளுக்குக் கொடுப்பதற்காக 60 கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்தேன். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள ஐவரி அட்டையில் முதலில் வெளிர்நீல அக்ரிலிக் வண்ணத்தைத் தட்டைத் தூரிகையால் பூசினேன். அதன்மேல் ஸ்பாஞ்சினால் அடர்நீலத்தை ஒற்றி ஒற்றி இரவு வானமாக்கி, பழைய பல்துலக்கியால் வெள்ளையைத் தெறிக்கவிட்டுச் சிறு விண்மீன்களை வரவழைத்தேன். வானம் நான் நினைத்ததைவிட அழகாகவே வந்தது. கடைசியாகக் குடில், பெரிய நட்சத்திரம் ஆகிய இரண்டு ரப்பர் ஸ்டாம்புகளை அலுவலகங்களில் வைத்திருக்கும் சாதாரணக் கறுப்பு ஸ்டாம்ப் பேடில் தொட்டு அடித்தேன். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அடித்த உருவம் இரண்டு நாளாகியும் காயவில்லை. விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு இழுபட்டது. போதாக்குறைக்கு, காய்ந்ததாக நான் நம்பிய அட்டைகளை அடுக்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். கொடுக்க வேண்டிய நாளில் எடுத்தபோது ஒன்றின் முகம் மற்றொன்றின் முகத்தோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது வண்ணம் தோலாக உரிந்து வந்தது. 60 அட்டைகளில் 23 வீணாயின. டிசம்பர் இரண்டாம் வாரம் முழுவதும் எங்கள் பக்கம் மழை என்பதால், ஈரம்தான் காரணம் என்று அப்போது முடிவு செய்தேன். ஆனால், வண்ண அடுக்குகள் மட்டும் ஓரளவு காய்ந்து, ஸ்டாம்ப் மை காயாமல் நின்றது ஏன் என்பது இன்னமும் எனக்குப் புரியவில்லை. இந்த ஆண்டும் செய்ய விரும்புகிறேன். இப்போதே தொடங்கினால் தவறுகளைத் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும் என்பதால் கேட்கிறேன்.

பழைய அச்சகம் | செப்டம்பர் 6

அம்மா, நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகள் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மழையைவிட மைதான் பெரிய காரணம்.

ஸ்டாம்ப் பேடில் ஊற்றும் மையில் சாயமும் தண்ணீரும் மட்டும் இருப்பதில்லை. பேடு நாள்கணக்கில் உலர்ந்து போகாமல் இருப்பதற்காகக் கிளிசரின் அல்லது கிளைகால் வகைத் திரவமும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். ரசீதில் அடித்தவுடன் காய்ந்துவிட்டதுபோல் தோன்றுகிறதே, அங்கே மை ஆவியாகிப் போவதில்லை. காகிதத்தின் நார்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உங்கள் அட்டையில் ஸ்டாம்ப் தொட்டது காகிதத்தை அன்று. மூன்று அடுக்கு அக்ரிலிக் காய்ந்து ஒரு பிளாஸ்டிக் படலம் ஆகிவிட்டது, அந்தப் படலத்தின்மேல் மை உட்கார்ந்தது. உள்ளே போகவும் வழியில்லை, எளிதில் ஆவியாகவும் இயலாது. அதோடு கிளிசரினுக்குக் காற்றில் உள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழை நாளில் அந்த மை காய்வதற்குப் பதிலாக நெகிழ்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பூசிய வண்ணத்தின்மேல் அடிப்பதற்கு அலுவலகப் பேடு உதவாது. பிளாஸ்டிக், உலோகம் ஆகியவற்றின்மேல் அடிப்பதற்கென்று கரைப்பான் கலந்த நிலைத்த மை கிடைக்கிறது, அது படலத்தின்மேலும் காயும். அது வேண்டாமென்றால், மையை விட்டுவிட்டு அக்ரிலிக் வண்ணத்தையே ஸ்டாம்பில் தடவி அடிக்கலாம். இரண்டாவது வழிக்குக் கை பழக வேண்டும். ஆனால் அட்டை முழுவதும் ஒரே பொருளால் ஆனதாக இருக்கும் என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும்.

கணவாய்க் காற்று | செப்டம்பர் 7

ஐயா சொல்லும் இரண்டாவது வழியில் நான் மூன்று ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன், ஆகவே அதன் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஆரல்வாய்மொழியில் இருக்கிறது. காற்றாலைகளை எதற்காக இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பது எங்கள் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் நின்றால் விளங்கும். மேற்கே நீங்கள் நனைந்துகொண்டிருக்கும் அதே தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக எங்களுக்கு வருவது பெரும்பாலும் காற்று மட்டுமே.

வண்ண அடுக்குகள் எனக்குப் பத்து நிமிடத்தில் உலர்ந்துவிடும். ஆனால் ஸ்டாம்பில் அக்ரிலிக்கை ஸ்பாஞ்சினால் ஒற்றி, அட்டையின்மேல் வைத்து அழுத்துவதற்குள் ஓரங்களில் வண்ணம் தோல் கட்டிவிடுகிறது. நடுப்பகுதி பதியும், ஓரம் பதியாது. நான்காவது அட்டையில் ஸ்டாம்பின் பள்ளங்கள் அடைத்துக்கொள்ளும். அக்காவுக்குக் காயாதது குறை, எனக்குக் காய்வது குறை. சன்னல்களைச் சாத்திவிட்டு, நனைத்துப் பிழிந்த துணியை ஒரு தட்டில் விரித்து, அதன்மேல் வண்ணத்தைப் பரப்பி ஸ்டாம்பைத் தொட்டு அடித்துப் பார்த்தபோது சற்றே தேறியது.

குலசேகரத்துக்காரி | செப்டம்பர் 7

தம்பி, உங்கள் பதிவைப் படித்த பிறகு வேறு கோணத்தில் யோசிக்கிறேன். அடித்தளம் பூசுவதற்கு உங்கள் ஊர்க் காற்று வேண்டும், ஸ்டாம்ப் அடிப்பதற்கு எங்கள் ஊர் ஈரம் வேண்டும் என்றல்லவா ஆகிறது? இரண்டு வேலைகளையும் ஒரே வாரத்தில் செய்ய முயன்றதுதான் என் தவறோ என்று தோன்றுகிறது.

கல்குளம் டீச்சர் | செப்டம்பர் 8

நீங்கள் தொட்ட புள்ளி மிகச் சரியானது என்று நினைக்கிறேன். அதோடு அடுக்குகளின் வரிசையையும் சேர்த்துப் பேச வேண்டும். பள்ளியில் கைவினைப் பாடம் எடுக்கும்போது, வண்ணத்தை எந்த வரிசையில் ஏற்றுவது என்று பிள்ளைகள் கேட்டால் நான் பத்மநாபபுரம் அரண்மனையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். உப்பரிக்கை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் உள்ள ஓவியங்கள் கேரள மரபைச் சேர்ந்தவை. அந்த மரபில் வெண்மை என்பது பூசப்படும் வண்ணம் அன்று, சுண்ணாம்புச் சாந்தின் வெண்மையையே வேண்டிய இடங்களில் தொடாமல் விட்டுவிடுவார்கள். அதன்மேல் முதலில் மஞ்சள், பின்னர் சிவப்பு, பச்சை என்று வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குச் செல்வார்கள். கறுப்புக் கோடு எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும்.

நாம் அட்டையில் செய்வதும் இதே வரிசைதான். குடிலின் கறுப்பு உருவத்தை ஸ்டாம்பினால் கடைசியில் அடிப்பது அந்தக் கறுப்புக் கோட்டுக்கு நிகரானது. ஆனால் எல்லா ஸ்டாம்பையும் கடைசியில்தான் அடிக்க வேண்டும் என்பதில்லை. வெறும் காகிதத்தில், நீரில் கரையாத மையினால் முதலில் ஸ்டாம்பை அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் தண்ணீர் அதிகம் கலந்த மெல்லிய வண்ணத்தை இரண்டு மூன்று முறை ஏற்றினால், உருவம் மூடுபனிக்குள் நிற்பதுபோல் தெரியும். மழைக்காலத்துக் காலைப்பொழுதில் வேளிமலை எப்படித் தெரிகிறதோ அப்படி. என் மாணவிகள் தென்னைமரங்களை இப்படி மூன்று ஆழங்களில் அடித்தார்கள்: தொலைவில் உள்ளவை மூன்று அடுக்கு வண்ணத்துக்குக் கீழே, நடுவில் உள்ளவை ஓர் அடுக்குக்குக் கீழே, அருகில் உள்ளவை எல்லாவற்றுக்கும் மேலே. ஒரே ஸ்டாம்ப், ஒரே மை. ஆனால் பார்ப்பவர்களுக்கு ஒரு தோப்புக்குள் நுழைவதுபோல் இருந்தது.

மேலே அடிக்கும் பரப்பு வழுவழுப்பாக இருந்தால் ஸ்டாம்ப் வழுக்கும் என்பதையும் கவனியுங்கள். மினுமினுப்பான அக்ரிலிக்குக்குப் பதிலாக மங்கல் வகையை வாங்குவது நல்லது. அது கிடைக்காவிட்டால் கடைசி அடுக்கின் வண்ணத்தில் சலித்த சாக்பீஸ் தூள் சிறிது கலந்தால் பரப்புக்குச் சற்றுச் சொரசொரப்பு வரும், மேலே வருவதைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய அச்சகம் | செப்டம்பர் 9

டீச்சர் சொன்ன மூன்று ஆழங்கள் மிக நன்றாக இருக்கின்றன. நான் ஸ்டாம்பைப் பற்றியே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வண்ணம் அடிக்கும் ஸ்டாம்பும் மை அடிக்கும் ஸ்டாம்பும் ஒன்றல்ல.

நாங்கள் தொழில் செய்த காலத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து, சூடான அழுத்தப் பொறியில் அச்சு அட்டையின்மேல் பதித்து, அதில் விழுந்த பள்ளத்தின்மேல் கந்தகம் கலந்த, இன்னும் சூடுபடாத ரப்பர் தகட்டை வைத்து, ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிட அளவு அழுத்தி எடுப்போம். சூட்டில் கந்தகம் ரப்பரின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துவிடுவதால், இளகிக் கிடந்த ரப்பர் பதிந்த வடிவத்திலேயே உறுதிப்பட்டு நிற்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான். 1844-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். இப்போது பல கடைகளில் ரப்பர் தகட்டை லேசரால் செதுக்கிக் கொடுக்கிறார்கள், அதுவும் நல்ல முறையே.

முகவரி ஸ்டாம்புக்குப் பள்ளம் ஆழமாக இருக்கத் தேவையில்லை. மை நீர்த்தது, மேட்டில் மட்டும் ஒட்டும். அக்ரிலிக் கெட்டியானது, பள்ளம் குறைவாக இருந்தால் இரண்டாவது அடியிலேயே நிரப்பிக்கொண்டுவிடும். கடையில் சொல்லும்போது "வண்ணம் அடிப்பதற்கு, ஆழமாகச் செதுக்குங்கள்" என்று சொல்லுங்கள். என் அனுபவத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த பள்ளம் வண்ணத்துக்கு ஆகாது. கோடுகளும் மெல்லியதாக இருக்கக் கூடாது. நிழலுருவம்போல் நிறைந்த வடிவங்களே வண்ணத்தில் நன்றாகப் பதியும். கணவாய்க் காற்றுத் தம்பிக்குப் பள்ளம் அடைத்ததற்குக் காற்று பாதிக் காரணம். ஸ்டாம்பின் ஆழம் மீதிப் பாதியாக இருக்கக்கூடும்.

கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன். வண்ணம் காய்வதற்குள் ஈரத்துணியில் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு தேய்த்துவிட வேண்டும். காய்ந்த வண்ணத்தை எடுப்பதற்குச் சிலர் மண்ணெண்ணெய் போடுகிறார்கள், சிலர் தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதும், வடிவம் கெடும். கழுவிய ஸ்டாம்பை வெயிலில் வைத்து உலர்த்தவும் கூடாது. வெயிலில் ரப்பர் வெடிப்பு விடும். கண்ணாடிபோல் தெரியும் பாலிமர் ஸ்டாம்புகளை வைத்திருப்பவர்கள் நான் முன்பு சொன்ன கரைப்பான் மையை அவற்றில் பயன்படுத்தாதிருப்பது நல்லது. ரப்பர் அதைத் தாங்கும், பாலிமர் கெட்டுப்போகலாம்.

பால்வெட்டு | செப்டம்பர் 11

ஐயா ரப்பரைப் பற்றிச் சொன்னதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பேச்சிப்பாறைக்கு அருகே எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. அக்காவும் எங்கள் பக்கத்துக்காரர் என்பதால், விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஒரு பொருளை அவருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கலைப்பொருள் கடைகளில் "மாஸ்கிங் ஃப்ளூயிட்" என்று ஒரு சிறிய குப்பி விற்கிறார்கள். காகிதத்தில் வெண்மையாக விட வேண்டிய இடத்தில் அதைத் தடவி, காய்ந்ததும் மேலே வண்ணம் பூசி, பிறகு விரலால் உருட்டி எடுத்துவிட்டால் கீழே உள்ளது அப்படியே கிடைக்கும். அந்தக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் அமோனியா சேர்த்த ரப்பர் பால்தான். நம் தோட்டத்தில் விடியற்காலையில் வெட்டிச் சிரட்டையில் வடியும் அதே பால். அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், மீதி பெரும்பாலும் தண்ணீர். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும், சில துளி அமோனியா விட்டால் திரியாது. ரப்பர் ஷீட் அடிப்பதற்கு நாங்கள் அமிலம் விட்டு உறையவைக்கிறோம்; இங்கே அதற்கு நேர்மாறான வேலை.

நான் செய்து பார்த்த முறை இது. அட்டையில் வெளிர் மஞ்சளைப் பூசி இரண்டு நாள் காயவிட்டேன். துணியில் வடிகட்டிய பாலை ஒரு தட்டில் மெல்லியதாக ஊற்றி, குறுக்கே நறுக்கிய வெண்டைக்காயைத் தொட்டு அட்டையில் அடித்தேன். வெண்டைக்காய்க்கு ஐந்து முனைகள் இருப்பதால் ஒவ்வொரு அடியிலும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. பால் காய்ந்து கண்ணாடிபோல் ஆனதும் மேலே நீலத்தையும், அது காய்ந்த பிறகு அடர்நீலத்தையும் பூசினேன். கடைசியில் ஒரு துண்டு ஒட்டுப்பாலை (வெட்டிய இடத்தில் தானே காய்ந்து ஒட்டிய ரப்பர்) அட்டையின்மேல் உருட்டியபோது நட்சத்திரத்தின்மேல் இருந்த படலமெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு நீலங்களுக்கும் கீழே மஞ்சள் நட்சத்திரங்கள் விளக்கு ஏற்றியதுபோல் தெரிந்தன. மேலே அடித்த மஞ்சளுக்கு அந்த ஒளி வராது.

இதற்கு ரப்பர் ஸ்டாம்பைப் பயன்படுத்தாதீர்கள். பால் ரப்பரோடு ரப்பராகப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை அடைத்துவிடும். வெண்டைக்காய், வாழைமட்டை, செதுக்கிய கேரட் போன்றவற்றில் இருக்கும் ஈரத்தால் பால் அவற்றில் ஊன்றிப் பிடிப்பதில்லை, ஒன்று கெட்டால் இன்னொன்றை நறுக்கிக்கொள்ளவும் செய்யலாம். பால் காயும்போது ஹேர் டிரையரைக் காட்டக் கூடாது. சூடு பட்டால் படலம் இறுகிப் பிடித்துக்கொண்டு வரமறுக்கும். அதேபோல் வாரக்கணக்கில் அட்டையிலேயே விட்டுவைக்கவும் கூடாது.

குழித்துறைக் கரை | செப்டம்பர் 11

பிள்ளைகளை வைத்துச் செய்யலாமா? அமோனியா என்றதும் கொஞ்சம் அச்சமாக இருக்கிறது.

பால்வெட்டு | செப்டம்பர் 12

அமோனியாவைப் பெரியவர்கள் வெளித்திண்ணையில் வைத்துக் கலந்துவிட வேண்டும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. மூடிய அறையில் செய்வதும் வேண்டாம், கண் எரியும். சிலருடைய தோலுக்கு ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாது. ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு வரும் வழக்கம் யாருக்காவது இருந்தால் அவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பால் துணியில் பட்டால் போகாது என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்கு மெழுகுத் துண்டால் கோடு கிழித்துவிட்டு மேலே நீர்த்த வண்ணம் பூசும் முறையே போதுமானது.

கல்குளம் டீச்சர் | செப்டம்பர் 12

நான் முன்பு எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கீழே உள்ள வண்ணத்தைத் தொடாமல் காப்பாற்றி வைக்கும் இந்த முறை, சுவரின் வெண்மையைக் காப்பாற்றி வைக்கும் ஓவியர்களின் முறைக்கு மிக நெருங்கியது. அட்டையில் வெள்ளை நட்சத்திரம் வேண்டுமானால், வெள்ளை வண்ணத்தை மேலே அடிப்பதைவிடக் காகிதத்தின் வெண்மையையே பாலினால் காத்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் காகிதத்தில் அடிக்கும்போது, உருட்டி எடுக்கையில் மேல்நார் கிழிந்துவிடாத நல்ல அழுத்தமான அட்டை வேண்டும். முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

குலசேகரத்துக்காரி | அக்டோபர் 19

நீண்ட நாள் எழுதவில்லை என்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனைவரும் சொன்னதை வைத்துக்கொண்டு செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

செப்டம்பர் 14 முதல் ஒரு வாரம் எங்கள் பக்கம் மழை விட்டிருந்தது. அந்த வாரத்திலேயே 70 அட்டைகளில் 60-க்கு அடித்தளம் பூசி முடித்தேன். ஒரு நாளுக்கு ஓர் அடுக்குக்கு மேல் பூசவில்லை. காலையில் பூசி, மாலை வரை முன்னறையில் கயிறு கட்டித் துணிக்கவ்வியால் தொங்கவிட்டேன். அடுக்கு ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் சென்ற ஆண்டு ஒரே நாளில் தடிப்பாகப் பூசியதில் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நின்றிருக்கிறது என்பது இப்போது புரிகிறது. பத்து அட்டைகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்து, அக்டோபர் 14, 15 தேதிகளில் நல்ல மழைக்கிடையே பூசினேன்.

நேற்று முன்தினம் ஒட்டும் சோதனையைச் செய்தேன். ஒரு மாதத்துக்கு முன்பு பூசிய இரண்டு அட்டைகளை முகத்தோடு முகம் வைத்து, அரிசி டின்னுக்கு அடியில் ஓர் இரவு வைத்தேன். காலையில் பிரித்தபோது மெல்லிய சத்தம் கேட்டது, வண்ணம் உரியவில்லை. புதிதாகப் பூசிய இரண்டையும் அதேபோல் வைத்ததில், காலையில் இரண்டு மூலைகளில் நீலம் உரிந்து எதிர் அட்டைக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு புதிய அட்டைகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்திருந்தேன், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டர் பேப்பர் வைப்பது எப்படியும் நல்லது. ஆனால் ஒரு மாத இடைவெளி தரும் உறுதியைப் பட்டர் பேப்பரால் தர முடியாது என்று நினைக்கிறேன். அட்டைகள் வீடுகளுக்குப் போன பிறகு யார் எதன்மேல் எதை வைப்பார்கள் என்பது நம் கையில் இல்லையே.

ஸ்டாம்பை இன்று மழைக்கிடையே அடித்தேன். ஆழமாகச் செதுக்கிய புதிய குடில் ஸ்டாம்பில் கறுப்பு அக்ரிலிக்கை ஸ்பாஞ்சினால் ஒற்றி, நிதானமாக அட்டையின்மேல் வைத்து, நான்கு மூலைகளையும் விரலால் அழுத்தி எடுத்தேன். எந்த அவசரமும் தேவைப்படவில்லை. பன்னிரண்டு அட்டைகள் அடித்த பிறகுதான் ஸ்டாம்பைக் கழுவ வேண்டியிருந்தது. சென்ற ஆண்டு நான் பழி சொன்ன அதே ஈரக் காற்று இன்று ஸ்டாம்பின் ஓரத்தில் வண்ணம் தோல் கட்டாமல் பார்த்துக்கொண்டது. உலர்ந்த அடித்தளத்தின்மேல் விழுந்த மெல்லிய கறுப்பு, மழையிலும் ஒரு மணி நேரத்தில் தொடும்படி ஆகிவிட்டது.

கணவாய்க் காற்று | அக்டோபர் 19

அக்கா, உங்கள் முறையையே நான் இந்த ஊருக்கு ஏற்றபடி பின்பற்றலாம் என்று நினைக்கிறேன். புரட்டாசி வரை காற்றில் அடித்தளங்களைப் பூசிக் குவித்துவிட்டு, காற்று அடங்கி ஐப்பசி மழை எங்களுக்கும் வரும் நாள்களில் ஸ்டாம்ப் அடிக்கிறேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் வரும் மாவட்டம் என்பதால் நமக்கு இந்த வசதி அமைந்திருக்கிறது.

தோவாளைப் பூ | அக்டோபர் 21

பொங்கலுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று தோன்றுகிறது. நான் பொங்கலுக்குக் காகிதப் பைகள் செய்து, அவற்றில் அச்சுவெல்லமும் மட்டி வாழைப்பழமும் வைத்துக் கொடுப்பது வழக்கம். இந்த முறை எங்கள் ஊர் மாணிக்க மாலையின் அமைப்பைப் பையின் ஓரத்தில் அடிக்கப் போகிறேன். வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மூன்று நிறங்கள் வரிசைகளாக மடிந்து வரும் தட்டையான மாலை அது. பார்ப்பதற்கு ஏற்கெனவே அச்சடித்ததுபோல்தான் இருக்கும். ஒரு சிறிய சாய்சதுர ஸ்டாம்பை மூன்று நிறங்களில் மாற்றி மாற்றி அடித்தால் போதும். என் கேள்வி இதுதான்: நிறத்துக்கு ஒரு ஸ்டாம்ப் வேண்டுமா, அல்லது ஒன்றையே கழுவிக் கழுவி அடிக்கலாமா?

பழைய அச்சகம் | அக்டோபர் 21

நிறத்துக்கு ஒன்று என்று மூன்று வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய ஸ்டாம்பின் பள்ளத்தில் தங்கும் தண்ணீர் அடுத்த வண்ணத்தை நீர்க்கச் செய்துவிடும், ஓரம் கசியும். அவ்வளவு சிறிய வடிவத்துக்குக் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்து அழிப்பானைப் பிளேடால் வெட்டினாலே போதும். முதலில் வெள்ளை முழுவதையும் அடித்து முடித்து, அடுத்த நாள் சிவப்பு, அதற்கடுத்த நாள் பச்சை என்று செல்லுங்கள்.

குலசேகரத்துக்காரி | நவம்பர் 15

70-இல் 66 அட்டைகள் முடிந்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். சோதனைக்குப் போனவை நான்கு, வேறு எதுவும் வீணாகவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்குவதற்கு முன்பே கிறிஸ்துமஸ் வேலை முடிந்தது எங்கள் வீட்டில் இதுவே முதல் முறை. பால்வெட்டு அண்ணன் கொடுத்த பாலில் வெண்டைக்காய் நட்சத்திரம் அடித்த 20 அட்டைகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை எங்கள் அன்பியத்தில் நடமாட முடியாமல் வீட்டிலேயே இருக்கும் முதியவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. உள்பக்கத்தில் வாழ்த்து வாசகத்தைக் கையால் எழுதினால் 66 முறையும் எழுத்து ஒன்றுபோல் வராது. அதற்கு ஒரு ஸ்டாம்ப் செய்யலாம் என்று எண்ணுகிறேன். ஐயா, வாசகத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டுமா?

பழைய அச்சகம் | நவம்பர் 15

வேண்டாம் அம்மா. வெள்ளைத் தாளில் கறுப்பு மையினால் நேராகவே எழுதிக் கொடுங்கள்; திருப்புவது செய்பவருடைய வேலை. தமிழில் புள்ளிகளும் சுழிகளும் அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுத்தின் உயரம் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் வெறும் காகிதம்தானே, அங்கே உங்கள் பழைய கறுப்புப் பேடையே தாராளமாகப் பயன்படுத்தலாம்.